ஒரு கிண்ணமும் இரண்டு பெட்டிகளும்

முன்னுரை

அறிவியல் தமிழ் என்பது நூலக அலமாரிகளில் மட்டும் வாழ்வதன்று. வீட்டு மொட்டை மாடியிலும் அதற்கு வேலை உண்டு. அன்றாடம் கையாளும் ஒரு கருவியின் இயல்பைத் தாய்மொழியில் தெளிவாக அறிந்துகொண்டால் வீண் செலவும் குறையும். சில வேளைகளில் வீண் மனத்தாங்கலும் குறையும். இவ்வுண்மையை நாம் உணர்ந்த இடம், திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூர் ஆகும்.

ஓமந்தூர் என்றதும், 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றிருந்த ஓமந்தூர் பி. இராமசாமி ரெட்டியார் நினைவுக்கு வருவார். எளிமைக்குப் பெயர்பெற்ற அப்பெருமகனார் பிறந்த ஊருக்கு அண்மையில் ஓர் இல்ல நிகழ்ச்சியை முன்னிட்டு நாம் சென்றிருந்தோம். நாம் தங்கிய வீட்டின் கீழ்த்தளத்தில் முதியவர் ஒருவர். மாடியில் கல்லூரியில் பயிலும் அவருடைய பேத்தி. வீட்டின் மேல் ஒரே ஒரு டிஷ். கீழே கட்டணச் சேவையின் செட்டாப் பாக்ஸ். மாடியில் மாதக் கட்டணம் இல்லாத இலவசச் சேவையின் செட்டாப் பாக்ஸ். இரு சேவைகளும் வானில் ஒரே இடத்திலிருந்தே வருகின்றன என்று யாரோ சொல்லக் கேட்டு, கடையில் வாங்கிய சிறு ஸ்பிளிட்டர் ஒன்றின் வழியாக இரண்டையும் அந்த ஒரே டிஷ்ஷில் இணைத்திருந்தனர்.

மாலையில் அப்பெண் தொலைக்காட்சியில் கல்வி ஒளிபரப்பைக் கண்டு குறிப்பெடுப்பது வழக்கம். தாத்தா செய்தி பார்ப்பதும் அதே நேரத்தில்தான். "தாத்தா டிவி போட்டாலே என் பாடம் போயிடுது சார்" என்றாள் அவள். முதியவரோ ஒன்றும் கூறவில்லை. பிறகு நம்மிடம் தனியே, "செய்தி கெடக்குது, புள்ள படிக்கட்டும்னு நான் போடறதையே விட்டுட்டேன்" என்றார். இரண்டாவது டிஷ் ஒன்று வாங்க வேண்டும் என்று அக்கம்பக்கத்தார் கூறியிருந்தனர். அச்செலவு அவசியந்தானா? ஒரே டிஷ்ஷில் இரண்டு பெட்டிகள் இயங்க முடியாதா? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஊருக்கு ஒரு பெட்டி

செயற்கைக்கோள் தொலைக்காட்சி நம் நாட்டில் வேரூன்றிய வரலாற்றை முதலில் சுருங்கக் காண்போம். நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் கோள், புவி தன்னைத்தான் சுற்றும் அதே வேகத்தில் சுற்றுவதால், கீழிருந்து காண்போர்க்கு அசையாமல் நிற்பதுபோல் அமையும். இத்தகைய கோள்களைக் கொண்டு உலகெங்கும் செய்தி பரப்பலாம் என்று 1945ஆம் ஆண்டிலேயே கட்டுரை வரைந்தவர் ஆர்தர் சி. கிளார்க். பிற்காலத்தில் இலங்கையைத் தம் வாழிடமாகக் கொண்டவர் அவர்.

விக்ரம் சாராபாய் கண்ட கனவின் பயனாக, 1975 ஆகஸ்டு முதல் 1976 சூலை வரை, அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 என்னும் கோளின் துணையுடன் ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்குக் கல்வி ஒளிபரப்பு நேரடியாகச் சென்று சேர்ந்தது. கம்பி வலையால் ஆன பெரிய கிண்ணம் ஒன்று, தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று, அதன் முன் ஊரே கூடியிருக்கும் காட்சி. தமிழ்நாடு அவ்வாறு மாநிலங்களுள் ஒன்றன்று. எனினும் அதே 1975ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தன் பணியைத் தொடங்கியது. 1983இல் இன்சாட்-1பி ஏவப்பட்டது. 1993 ஏப்பிரலில் சன் தொலைக்காட்சி வந்தது. அக்காலத்தில் செயற்கைக்கோள் அலைகளைப் பெற ஆள் உயரத்தை விஞ்சிய கிண்ணங்கள் வேண்டியிருந்தன. ஆகவே அவை கேபிள் நடத்துவோரிடமே இருந்தன. 2004 டிசம்பரில் தூர்தர்ஷன் தன் இலவச நேரடிச் சேவையைத் தொடங்கியபின், சிறிய டிஷ் எளிய குடிகளின் கூரைக்கும் வந்து சேர்ந்தது.

இன்று 93.5 பாகை கிழக்கு நெட்டாங்கில் நிற்கும் ஜிசாட்-15, 2015 நவம்பரில் ஏவப்பட்டதாகும். தூர்தர்ஷனின் இலவசச் சேவையும், நடுவண் அரசு 2017இல் தொடங்கிய 'ஸ்வயம் பிரபா' கல்வி அலைவரிசைகளும் அக்கோளின் வழியாகவே வருகின்றன. கொரோனாப் பெருந்தொற்றால் 2020இல் கல்விக்கூடங்கள் மூடப்பட்டபோது, இணைய வசதியற்ற பல இல்லங்களில் தொலைக்காட்சியே வகுப்பறையாயிற்று. ஊருக்கு ஒரு பெட்டி என்ற நிலை போய், ஒரு வீட்டில் இரண்டு பெட்டிகள் என்ற நிலை வந்துவிட்டது. ஒன்றில் செய்தி, மற்றொன்றில் பாடம் என்பது ஆடம்பரமன்று, தேவையேயாகும்.

கிண்ணம் செய்யும் பணி

டிஷ் எனப்படும் கிண்ணத்துள் மின்கருவி ஏதுமில்லை. அது ஓர் ஆடி மட்டுமே. பரவளைய வடிவில் அமைந்த பரப்பின்மீது இணையாக வந்து விழும் கதிர்கள் யாவும் எதிரொளித்து ஒரே புள்ளியில் கூடும். கிரேக்க அறிஞர் அறிந்திருந்த இவ்வுண்மையை விரித்து ஆராய்ந்து, பரவளைய எரியாடிகளைப் பற்றித் தனிநூலே இயற்றியவர், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்-ஹைதம் ஆவார். அவர் கதிரவன் ஒளியைக் குவிக்க ஆராய்ந்த வடிவமே இன்று வானொலி அலைகளைக் குவிக்கிறது.

ஓமந்தூரில் நின்று நோக்கினால், 93.5 பாகைக் கோள் நேர்கிழக்கிலிருந்து தெற்குப் பக்கமாக ஏறத்தாழ 40 பாகை திரும்பிய திசையில், அடிவானத்திலிருந்து 68 பாகை உயரத்தில் அமையும். அஃதாவது, அது தென்கிழக்கே கிட்டத்தட்ட உச்சிவானை ஒட்டி நிற்கிறது. ஆயினும் நம் வீட்டு டிஷ் அவ்வளவு அண்ணாந்து பார்ப்பதில்லையே என்று ஐயுறலாம். இன்றைய சிறு டிஷ்கள் முழுப் பரவளையத்தின் ஒரு பக்கத்தை மட்டும் வெட்டியெடுத்தாற்போன்றவை. ஆதலின் தட்டு சற்று நிமிர்ந்திருந்தாலும் அதன் பார்வை மேல்நோக்கியே செல்லும். தென்கிழக்கில் தென்னை ஒன்று ஓங்கி வளர்ந்து அப்பார்வையை மறைத்தால் படம் கெடும்.

இங்கே கருத்தில் இருத்த வேண்டியது ஒன்று. கிண்ணம் ஒரே காலத்தில் அத்திசையிலிருந்து வரும் அலைகள் அனைத்தையும் குவித்துத் தருகிறது. எந்தப் பெட்டிக்கு எந்த நிகழ்ச்சி என்று அது பார்ப்பதில்லை. எனவே ஒரு கிண்ணம் இரண்டு பெட்டிகளுக்கு மட்டுமன்று, நூறு பெட்டிகளுக்கும் பொதுவாக இருக்கத் தடையில்லை. தடை வேறோர் இடத்தில் உள்ளது.

குவியத்தில் ஒரு காவலன்

கிண்ணத்தின் முன் நீண்ட கையின் நுனியில் பொருத்தப்பட்ட சிறு கருவியை எல்.என்.பி. என்பர். இதன் பணிகள் மூன்று. முதலாவது, மிக மெலிந்து வரும் அலையை, இரைச்சல் மிகாதவாறு பல இலட்சம் மடங்கு வரை பெருக்குதல். இரண்டாவது, அதன் அதிர்வெண்ணைக் குறைத்தல். கோளிலிருந்து வரும் அலை 11,000 மெகாஹெர்ட்சை ஒட்டிய அதிர்வெண் உடையது. வீட்டு வயரில் அது சில மீட்டர் செல்வதற்குள் தேய்ந்துவிடும். ஆகவே எல்.என்.பி. தன்னுள் எழுப்பும் 9,750 மெகாஹெர்ட்சை அதிலிருந்து கழித்துவிடுகிறது. எடுத்துக்காட்டாக 11,090 மெகாஹெர்ட்சு அலை, 1,340 மெகாஹெர்ட்சாகக் கீழிறங்கி வயரில் பயணம் செய்கிறது.

மூன்றாவது பணியே நம் சிக்கலுக்கு வித்து. செயற்கைக்கோள், இடத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்துவதற்காக அலைகளை இரண்டு தளங்களில் அனுப்புகிறது. சில அலைகள் நெடுக்குவாட்டில் அதிர்கின்றன. சில குறுக்குவாட்டில் அதிர்கின்றன. சன்னல் கம்பிகளுக்கிடையே பனையோலையை நெடுக்கே பிடித்தால் நுழையும். குறுக்கே பிடித்தால் நுழையாது. அதுபோல நெடுக்குத் தளத்துக்குத் திறந்த எல்.என்.பி.யில் குறுக்குத் தளத்து அலை புகுவதில்லை. ஓர் எல்.என்.பி.க்கு ஒரு வாய் மட்டும் இருந்தால், அது ஒரு நேரத்தில் ஒரு தளத்து அலைகளையே கீழே அனுப்பும்.

எத்தளத்தைத் திறப்பது என்று அதற்குக் கட்டளையிடுவது செட்டாப் பாக்ஸே. அலை கீழே இறங்கி வரும் அதே வயரில், பெட்டியிலிருந்து நேர்மின்சாரம் மேலே ஏறிச் செல்கிறது. 13 வோல்ட் சென்றால் நெடுக்குத் தளம் திறக்கும். 18 வோல்ட் சென்றால் குறுக்குத் தளம் திறக்கும். சில கோள்களுக்கு உயர்பட்டை, தாழ்பட்டை என்ற பிரிவும் உண்டு; அங்கே 22 கிலோஹெர்ட்சு அதிர்வொன்றையும் பெட்டி அனுப்பிப் பட்டையைத் தெரிந்தெடுக்கும். ஆக, வயரில் கீழே வருவது அலை. மேலே போவது ஆணை.

முடிச்சு அவிழ்கிறது

ஓமந்தூர் வீட்டின் முடிச்சு இப்போது தானாகவே அவிழ்கிறது. நாம் இரு பெட்டிகளின் பட்டியலையும் திறந்து பார்த்தோம். ஒவ்வோர் அதிர்வெண்ணை அடுத்தும் 'வி' அல்லது 'எச்' என்ற எழுத்து இருக்கும். 'வி' நெடுக்குத் தளம்; 'எச்' குறுக்குத் தளம். மாடிப் பெட்டி கேட்டது 'வி'. கீழ்ப் பெட்டி கேட்டது 'எச்'. ஸ்பிளிட்டரின் வழியே 13 வோல்ட்டும் 18 வோல்ட்டும் ஒருங்கே மேலேறும்போது, மிகுதியான 18 வோல்ட்டே எல்.என்.பி.யைச் சென்றடைகிறது. குறுக்குத் தளம் திறக்கிறது. நெடுக்குத் தளத்துப் பாடம் மறைகிறது. தாத்தா தம் பெட்டியை அணைத்தால் 13 வோல்ட் மட்டும் எஞ்சிப் பாடம் திரும்புகிறது. தாத்தா பேத்தியின் பாடத்தைக் கெடுக்கவில்லை. இரண்டு ஆணைகளைக் கேட்ட ஓர் ஏவலன் உரத்த குரலுக்குப் பணிந்தான், அவ்வளவே.

இதனை நம் பக்கத்து உழவர் எளிதில் உணர்வர். ஏரி பொது, நீர் பொது, ஆனால் மதகு ஒன்று. மதகை எப்பக்க வாய்க்காலுக்குத் திறந்திருக்கிறார்களோ அப்பக்க வயல்களுக்கே நீர் பாயும். வாய்க்காலைக் கிளையாகப் பிரிப்பதனால் மதகு இரண்டாகிவிடாது. ஸ்பிளிட்டர் என்பது கிளை வாய்க்கால், எல்.என்.பி. என்பது மதகு.

'ஒரு டிஷ்ஷை இரண்டாகப் பிரித்தால் சிக்னல் பாதியாகிவிடும்; அதனால்தான் படம் வரவில்லை' என்று பலரும் கூறுவர். இது முழு உண்மையன்று. ஸ்பிளிட்டரில் ஏறத்தாழ 4 டெசிபெல் இழப்பு நேர்வது மெய்தான். ஆனால் எல்.என்.பி. முன்னரே 50 டெசிபெல்லுக்கும் மேலாகப் பெருக்கி அனுப்பியிருப்பதால், நல்ல வயருள்ள வீட்டில் இவ்விழப்பு பொதுவாகப் பொருட்படுத்தத் தக்கதன்று. சிக்னல் குறைவால் கெடும் படம் கட்டங்கட்டமாக உடையும், மழைக்காலத்தில் மிகும். அடுத்த பெட்டியைத் திறந்த கணமே முற்றாக மறையும் படம், தளப் பூசலுக்கு அறிகுறியாகும்.

நான்கு வழிகள்

ஒரே டிஷ்ஷில் இரு பெட்டிகளை இணைக்க நான்கு வழிகள் உள்ளன.

1. ஸ்பிளிட்டர்: இரண்டு பெட்டிகளும் ஒரே தளத்து அலைவரிசைகளையே காணுமாயின் இது போதும். ஒரு தளத்து அலைகள் அனைத்தும் ஒன்றாகவே வயரில் வருவதால், இருவரும் அத்தளத்துக்குள் வெவ்வேறு நிகழ்ச்சிகளைத் தடையின்றிக் காணலாம். மின்சாரத்தை ஒரு வாயில் மட்டும் மேலே விடும் ஸ்பிளிட்டரில், அவ்வாயில் உள்ள பெட்டி மின்சாரம் தந்தால்தான் மற்றதும் இயங்கும். எல்லா வாய்களிலும் மின்சாரத்தை மேலே விட்டு, கீழே திரும்பவிடாத வகையே இதற்கு ஏற்றது. மின்சாரத்தையே விடாத, பழைய கேபிள் தொலைக்காட்சிக்குரிய ஸ்பிளிட்டர் இங்குப் பயன்படாது. 2,150 மெகாஹெர்ட்சு வரை தாங்கும் என்று மேலே குறித்திருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும்.

2. தொடர் இணைப்பு: சில பெட்டிகளின் பின்புறம் எல்.என்.பி. அவுட் என்று இன்னொரு வாய் இருக்கும். டிஷ்ஷிலிருந்து வரும் வயர் முதற் பெட்டிக்கு. அதன் அவுட்டிலிருந்து இரண்டாம் பெட்டிக்கு. முதற் பெட்டி இயங்கும்போது ஆணை அதனுடையது. அது ஓய்ந்திருக்கும்போது ஆணை இரண்டாவதற்கு. முறை வைத்து நீர் பாய்ச்சுவது போன்ற ஏற்பாடு இது. ஒரே நேரத்தில் இருவரும் பார்க்கும் வீட்டுக்கு ஒவ்வாது.

3. இரட்டை வாய் எல்.என்.பி.: இதனை டுவின் எல்.என்.பி. என்பர். ஒரே கூட்டினுள் இரண்டு மதகுகள் அமைந்தது இது. ஒவ்வொரு வாய்க்கும் தனி வயர். ஒவ்வொரு பெட்டிக்கும் தனி ஆணை. ஒன்று 13 வோல்ட் கேட்க, மற்றொன்று 18 வோல்ட் கேட்கலாம், ஒன்றையொன்று பாதிக்காது. டிஷ் அதுவே, மாற்றப்படுவது நுனிக் கருவியும், கூடுதலாக இழுக்கப்படும் ஒரு வயரும் மட்டுமே. இரு பெட்டிகளுள்ள வீட்டுக்கு இதுவே சிறந்த வழி. நான்கு பெட்டிகளுக்கு நான்கு வாயுள்ள குவாட் எல்.என்.பி. உண்டு. இங்கொரு பெயர்க் குழப்பம் பலரை ஏமாற்றுகிறது. குவாட் வேறு, குவாட்ரோ வேறு. குவாட்ரோவின் நான்கு வாய்களும் நான்கு நிலையான பிரிவுகளைத் தருவன. அவை பெட்டியின் ஆணையைக் கேளா.

4. மல்டிசுவிட்ச்: விடுதிகள், அடுக்குமாடிகள் ஆகியவற்றுக்கு உரியது. குவாட்ரோவின் நான்கு பிரிவுகளும் இதனுள் வந்து சேர, ஒவ்வோர் அறையின் பெட்டியும் தனக்கு வேண்டியதைப் பெற்றுக்கொள்ளும். ஒரே வயரில் பல பெட்டிகளுக்குத் தனித்தனி அதிர்வெண் ஒதுக்கும் யூனிகேபிள் என்ற முறையும் வெளிநாடுகளில் பரவியுள்ளது; ஆனால் அதற்கேற்ற பெட்டிகள் வேண்டும்.

இவ்வழிகள் யாவும் ஒரே கோளிலிருந்து பெறும் இரு பெட்டிகளுக்கு உரியவை. இரு சேவைகளும் வெவ்வேறு கோள்களிலிருந்து வருமாயின், ஒரே திசை நோக்கும் ஓர் எல்.என்.பி. இரண்டையும் பெறாது. மேலும், கட்டணச் சேவையின் ஒவ்வொரு பெட்டிக்கும் அச்சேவையாளரின் தனி இசைவு வேண்டும். வயரை இணைப்பதனால் இசைவு இரட்டிப்பதில்லை. இலவசச் சேவைக்கு இத்தடையில்லை.

செய்முறைக் குறிப்புகள்

எதனையும் வாங்குமுன் ஒரு சோதனை செய்க. ஒரு பெட்டியின் மின்செருகியைச் சுவரிலிருந்தே எடுத்துவிடுக. ரிமோட்டால் அணைத்தால் போதாது. சில பெட்டிகள் ஓய்விலும் மின்சாரத்தை மேலே அனுப்பிக்கொண்டிருக்கும். மற்றப் பெட்டியில் படம் திரும்பினால் சிக்கல் ஆணையில். திரும்பாவிடின் வயரிலோ, இணைப்பிலோ, டிஷ்ஷின் திசையிலோ சிக்கல்.

வயரைக் கழற்றுமுன் இரு பெட்டிகளின் மின்செருகிகளையும் எடுத்துவிடுதல் இன்றியமையாதது. நடுக்கம்பியும் வெளிவலையும் தொட்டுக்கொண்டால் பெட்டி பழுதாகும். ஆர்.ஜி.-6 வகை வயரே ஏற்றது. 30 மீட்டர் நீளத்தில் அதிலேயே 6 முதல் 10 டெசிபெல் வரை இழப்பு நேரும் என்பதால், நடுவே ஒட்டுப்போடாமல் ஒரே துண்டாக இழுப்பது நன்று. எல்.என்.பி.யை மாற்றும்போது, பழையது எக்கோணத்தில் திருகியிருந்ததோ அதே கோணத்தில் புதியதைப் பொருத்த வேண்டும். அதற்குமுன் மையால் ஒரு கோடு இட்டுக்கொள்வது வேலையை எளிதாக்கும். டிஷ்ஷின் தட்டை அசைத்தல் கூடாது. அரைப் பாகை விலகினாலும் சிக்னல் குறையத் தொடங்கும். வாயருகே வயரைச் சற்றுத் தொங்கவிட்டு வளைத்தால், வடகிழக்குப் பருவமழை நீர் உள்ளே புகாமல் வளைவிலிருந்து சொட்டிவிடும். இடி மின்னல் வேளையில் மாடியேறுதலும், மின்கம்பிக்கு அருகே டிஷ்ஷைத் தொடுதலும் அறவே தவிர்க்கத் தக்கன.

முடிவுரை

ஓமந்தூர் வீட்டில் இரண்டாவது டிஷ் வாங்கப்படவில்லை. இரட்டை வாய் எல்.என்.பி. ஒன்றும், மாடிக்குத் தனி வயர் ஒன்றும் போதுமானவையாயின. அன்று மாலை மாடியில் பாடம் தொடங்கியபின், கீழே தொலைக்காட்சியைத் திறக்க முதியவர் சற்றுத் தயங்கினார். மாடிப்படியில் நின்றிருந்த பேத்தி, "போடுங்க தாத்தா, ஒண்ணும் ஆவாது" என்று குரல் கொடுத்த பின்னரே பொத்தானை அழுத்தினார். செய்தி வந்தது, பாடமும் நின்றுவிடவில்லை.

ஒரு பொருளைப் பலர் பகிர்ந்துகொள்ளும்போது பூசல் எழுந்தால், பொருள் போதவில்லை என்றோ, உடனிருப்பவர் கெடுக்கிறார் என்றோ எண்ணுவது மனித இயல்பு. இங்குக் கிண்ணம் போதாமல் இல்லை. யாரும் கெடுக்கவும் இல்லை. இருவருக்கும் தத்தம் தேவையைக் கேட்கத் தனித்தனி வழி இல்லாமையே குறை. அவ்வழியை அமைத்துக் கொடுத்தவுடன் ஒரே கிண்ணம் இருவருக்கும் போதுமாயிற்று. மாணவர்கள் இவ்விளக்கத்தைத் தத்தம் ஊருக்கு எடுத்துச் சென்று, இத்தகைய இடர்ப்பாடுள்ள இல்லம் ஒன்றிலேனும் பெட்டியின் பட்டியலைத் திறந்து 'வி', 'எச்' என்னும் அவ்விரண்டு எழுத்துகளைக் காட்டி விளக்குவார்களாயின், இக்கட்டுரை எழுதப்பெற்றதன் பயன் நிறைவேறும்.